லோகோ ரெடி, காசு எங்கே? கல்லூரி ஃப்ரீலான்ஸர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 45 நாள் விதி

மதுரையில் கட்சி மாநாட்டுக்கும் போஸ்டர் உண்டு, காதுகுத்துக்கும் போஸ்டர் உண்டு. அண்ணன் படத்தை எங்கே வைப்பது, தாய்மாமன்கள் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோட்டோஷாப்பில் மல்லுக்கட்டுபவர் காலையில் கல்லூரிக்குப் போகிறவராகவும் இருக்கலாம். கல்யாண வீடியோ எடிட்டிங், ஜவுளிக்கடைக்கு இன்ஸ்டா ரீல், ஹோட்டலுக்கு மெனு கார்டு, டியூஷன் சென்டருக்கு வெப்சைட் என்று இந்த ஊரில் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பஞ்சமே இல்லை.

‘ஃப்ரீலான்ஸிங் ஆரம்பிப்பது எப்படி?’ என்று தேடினால் வரும் வீடியோக்கள் எல்லாம் எந்த ஸ்கில் கத்துக்கணும், ப்ரொஃபைல் எப்படி வைக்கணும் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் ஆரம்பிக்கிற மாணவர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம் அது இல்லை. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு காசை வாங்குவதில்தான் சிக்கல். அதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. அதைக் கேட்டு நடத்துகிற மன்றம் மதுரையிலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை.

பத்து லட்சத்துக்கு வழி இருக்கு… ஐயாயிரத்துக்கு?

சுயதொழிலுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கு மதுரையில் வட்டார மையம் இருக்கிறது. மதுரையில் நேட்டிவ்லீட் என்ற அமைப்பைத் தொடங்கி, தென்மாவட்டத் தொழில்முனைவோருக்கு முதலீடு தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த சிவராஜா ராமநாதன்தான் பிறகு ஸ்டார்ட்அப் டிஎன்னின் பொறுப்புக்கு வந்தவர். டான்சீட் திட்டத்தில் புத்தாக்க நிறுவனங்களுக்குப் பொதுவாக 10 லட்சம் ரூபாய் வரை ஆதார நிதி கிடைக்கும். விவசாயம் சார்ந்த யோசனை என்றால் மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் ‘மாபிஃப்’ தொழில் வளர் மையம் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்தது. 2019-ல் வந்த மத்திய அரசின் மாணவர் புத்தாக்கக் கொள்கையோ, ஸ்டார்ட்அப் நடத்தும் மாணவருக்கு வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வு எழுத அனுமதி கொடுக்கலாம் என்கிற அளவுக்குப் போகிறது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ‘நிறுவனம் தொடங்கப் போகிறவர்’ என்ற ஒருவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ‘நீட்ஸ்’ திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் திட்ட மதிப்பு குறைந்தது 10 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும், வயதும் 21 ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு பி.காம். படித்துக்கொண்டே ரீல் எடிட் பண்ணுகிறவருக்கு 10 லட்சம் தேவையும் இல்லை, கிடைக்கவும் கிடைக்காது. அவருக்குத் தேவை, போன மாதம் முடித்துக் கொடுத்த வேலைக்கு வர வேண்டிய ஐந்தாயிரம்.

கல்லூரி ‘இ-செல்’ நிகழ்ச்சிகளில் பிட்ச் டெக் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு பில் போடச் சொல்லிக் கொடுத்தால் அதைவிட நிறைய பேருக்கு உதவும் என்பது என் கருத்து.

‘அடுத்த வாரம் பாத்துக்கலாம் பாப்பா’

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. டிசைன் நன்றாக வரும். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஸ்வீட் ஸ்டால்காரர் லோகோ, பாக்ஸ் டிசைன், பத்து இன்ஸ்டா போஸ்ட் கேட்கிறார். ‘எவ்வளவும்மா?’ என்கிறார். கூச்சத்தோடு ‘அஞ்சாயிரம் கொடுங்கண்ணே’ என்கிறார் மாணவி. ‘முடிச்சுட்டு வா, பாத்துக்கலாம்.’

எட்டு முறை கலர் மாற்றி, ‘எங்க அப்பா படத்தையும் வச்சிரு’ என்று சொன்னதையும் வைத்து, ஃபைல் எல்லாம் அனுப்பியாச்சு. பாக்ஸ் பிரின்ட் ஆகி தீபாவளி வியாபாரமும் முடிந்துவிட்டது. காசு? ‘ஆடிட்டர்கிட்ட சொல்லிருக்கேன்.’ அடுத்து, ‘மாசக் கடைசி வரட்டும்.’ அதற்கடுத்து வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும்.

கடைக்காரர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. சர்க்கரை மண்டிக்கும் நெய் வியாபாரிக்கும் அவர் தேதி தவறாமல் கொடுத்திருப்பார். அவர்களிடம் பில் இருக்கிறது, கொடுக்காவிட்டால் அடுத்த சரக்கு வராது. மாணவியிடம் பில்லும் இல்லை, நிறுத்தி வைக்கச் சரக்கும் இல்லை. அதனால் அவர் முறை கடைசியில் வருகிறது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பெயரைக் கேட்டால் கப்பலூர் சிட்கோவில் பட்டறை வைத்திருப்பவருக்கானது போல இருக்கும். ஆனால் இந்தச் சட்டத்தில் ‘சேவை’ வழங்குபவரும் அடக்கம். தனி ஆளாக, வீட்டு மாடியில் ஒரு லேப்டாப்போடு டிசைன் செய்பவரும் ‘குறு நிறுவனம்’ ஆகலாம்.

அதன் 15-வது பிரிவுதான் முக்கியம். குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. கெடு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்றால் 15 நாள்தான்.

தாண்டினால்? 16-வது பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 18 சதவீதம். 5,000 ரூபாய் ஆறு மாதம் பாக்கி நின்றால் சுமார் 467 ரூபாய் வட்டி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ‘இது என் தயவு’ என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, ‘இது கடன், வட்டி ஓடுது’ என்று புரியவைக்க அந்த 467 ரூபாய் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என நான்கு இடங்களில் இந்த மன்றங்கள் உள்ளன. 2017-ல் வந்த ‘சமாதான்’ இணையதளம் வழியாகப் புகார் கொடுக்கும் முறை தொடங்கியது. 2025 ஜூனில் இணையவழியிலேயே தகராறு தீர்க்கும் தனித் தளமும் வந்தது. முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் நடுவர் விசாரணை. உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து எதிர்த்தரப்பு அதை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் பேச முடியும்.

90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. 2,000 ரூபாய்க்காக மன்றம் ஏறுவது லாபமா என்றால் இல்லை. இந்தச் சட்டத்தின் பலன் பெரும்பாலும் மன்றத்துக்குப் போவதில் இல்லை. போக முடியும் என்று பில்லிலேயே தெரிவதில்தான் இருக்கிறது.

வேலைக்கு முன்னாடியே உத்யம்

இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டு ‘உத்யம்’ பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார், பான், ஆதாரோடு இணைத்த மொபைல் எண் போதும். ஆவணம் எதையும் அப்லோட் செய்யத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தொழில் வகையில் ‘சேவை’யைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கூகுளில் தேடினால் ‘உத்யம்’ என்ற பெயரிலேயே பணம் கேட்கும் தனியார் தளங்கள் முதலில் வரும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா எனப் பாருங்கள். அடுத்தது, வேலை முடிந்து காசு வராதபோது ஓடிப்போய்ப் பதிவு செய்வது உதவாமல் போகலாம். பதிவுக்கு முன் நடந்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கேள்வி பிறகு பெரிய அமர்வின் முன் போயிருக்கிறது என்றாலும், நாம் ஏன் அதற்காகக் காத்திருக்க வேண்டும்? முதல் ஆர்டருக்கு முன்னாடியே பதிவு செய்துவிடுவது நல்லது.

18 வயது ஆகாத முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு தகவல்: மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. பிறந்தநாள் வரும் வரை பெற்றோர் பெயரில் வேலையை எடுங்கள்.

ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்

‘தெரிஞ்ச அண்ணன்கிட்ட அக்ரிமென்ட் நீட்ட முடியுமா?’ என்று கேட்பீர்கள். நீட்ட வேண்டாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் கட்டாயம் இல்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும், நிரூபிப்பதுதான் கஷ்டம். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு ஏற்கிறது. கடையில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்ததும் இப்படி ஒரு மெசேஜ் தட்டுங்கள்:

“அண்ணே, இன்னைக்குப் பேசினதை ஒரு தடவை போட்டுடறேன். லோகோ 1, பாக்ஸ் டிசைன் 1, இன்ஸ்டா போஸ்ட் 10. மொத்தம் 5,000 ரூபாய். 2,500 அட்வான்ஸ் வந்ததும் ஆரம்பிக்கிறேன். மூணு தடவை வரைக்கும் மாத்தித் தர்றேன், அதுக்கு மேல ஒவ்வொரு தடவைக்கும் 300. பாக்கி 2,500 ஃபைனல் ஃபைல் கொடுத்த 15 நாளுக்குள்ள. சரின்னா ஒரு ஓகே மட்டும் போட்டுடுங்கண்ணே.”

மரியாதையும் குறையவில்லை, எதுவும் விடுபடவும் இல்லை. அவர் போடும் அந்த ‘ஓகே’தான் உங்கள் ஒப்பந்தம். அந்தச் சாட்டில் ‘டிஸப்பியரிங் மெசேஜ்’ ஆன் ஆகியிருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். பின்னால் வழக்கு என்று போனால், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழோடு இதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனை ஃபார்மட் பண்ணிவிடாதீர்கள்.

இதையே சட்டமாக வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் 2017 மே மாதம் அமலுக்கு வந்த ‘ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ’ சட்டப்படி, 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஃப்ரீலான்ஸருக்கு என்றே தனியாக அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் ‘கிக்’ தொழிலாளர் என்ற சொல் இருக்கிறது. அது நலநிதி, காப்பீடு பற்றியது. ஸ்வீட் ஸ்டால் பாக்கியை அது வசூலித்துத் தராது.

பில் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பெயர், முகவரி, பான், உத்யம் எண், பில் எண், தேதி, செய்த வேலை, தொகை, கெடு தேதி, யுபிஐ அல்லது வங்கிக் கணக்கு விவரம். கீழே ஒரு வரி: ‘2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப் பிரிவு 15, 16-ன்படி கெடு தாண்டினால் வட்டி உண்டு.’ சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று சேர்த்து வசூலிக்கவே கூடாது.

500 ரூபாய் லோகோவின் கணக்கு

காசு வராதது ஒரு பக்கம். வந்தாலும் நஷ்டமாக இருக்கும் வேலைகளும் உண்டு. ‘500 ரூபாய்க்கு லோகோ’ என்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம். கடைக்குப் போய்ப் பேச ஒரு மணி நேரம், யோசிக்க இரண்டு, வரைய ஐந்து, மாற்றங்களுக்கு ஆறு. மொத்தம் 14 மணி நேரம். மணிக்கு 36 ரூபாய்கூட நிற்காது. 2025-26-ல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கான நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. கரண்ட் பில், லேப்டாப் இஎம்ஐ இன்னும் கணக்கில் வரவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் இதே கணக்குதான். ஃபைவர் தளத்தில் 10 டாலர் வேலைக்கு உங்கள் கைக்கு வருவது 8 டாலர், 20 சதவீதம் அவர்களுக்கு. ஆனால் அங்கே வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறார். தளத்துக்கு வெளியே நேரடியாகப் பேசலாம் என்று அழைக்கும் வெளிநாட்டுக்காரரை நம்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அவர் மேல் மதுரை மன்றத்தில் புகார் கொடுத்து வசூலிப்பது நடக்கிற காரியம் இல்லை.

லோகோ யாருக்குச் சொந்தம்?

இதில்தான் மாணவர்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்ஸராக வரைந்து கொடுத்த லோகோவின் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவர்தான். உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்து வேண்டும். எனவே பில்லில், ‘முழுத் தொகை வந்த பிறகே உரிமை மாறும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

போட்டோகிராபர்கள் கவனிக்க: உங்களுக்கு விதி தலைகீழ். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். கல்யாண ஆல்பத்திலிருந்து உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போட வேண்டும் என்றால் முன்கூட்டியே அனுமதியை எழுதி வாங்குங்கள்.

டிடிஎஸ் பிடிச்சா போச்சா?

போகாது. கம்பெனிக்கு வேலை செய்தால், தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது பொதுவாக 10 சதவீதம் பிடித்துவிட்டுத் தருவார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். மாணவர்கள் பலர் ரிட்டர்ன் போடாமலே அதை விட்டுவிடுகிறார்கள். அந்த ரிட்டர்ன்தான் பின்னால் லேப்டாப் லோன், விசா எல்லாவற்றுக்கும் வருமானச் சான்று.

இன்னொன்று. ‘உன் அக்கவுன்ட்ல கொஞ்சம் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்தை அனுப்பிடு’ என்பது ஃப்ரீலான்ஸ் வேலை இல்லை. சைபர் மோசடிப் பணத்தைக் கடத்தும் வேலை, கேஸ் உங்கள் மேல்தான் வரும். டேட்டா என்ட்ரி என்று சேர்த்துவிட்டு, ‘தப்பு அதிகம், அபராதம் கட்டு’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும் பழைய மோசடி. பயந்து கட்டாமல் 1930-க்கு அழையுங்கள்.

உத்யம் இல்லாமல் ஏற்கெனவே மாட்டியிருந்தால்?

வழி அடைபடவில்லை. பாக்கியை வசூலிக்க வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு காலம் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்கு போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

உத்யம் உள்ளவர்களுக்குக் கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால் அந்த ஆண்டு அவருக்கு வரி கூடும். முறையாகக் கணக்கு வைத்து ஆடிட் செய்யும் கடைகளின் ஆடிட்டர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ‘ஆடிட்டர்கிட்ட சொல்லிருக்கேன்’ என்ற பதில் வந்தால், மார்ச் முதல் வாரத்தில் உத்யம் எண் போட்ட பில்லை இன்னொரு முறை அனுப்பிவிட்டு, ‘அண்ணே, இதை ஆடிட்டருக்கும் ஃபார்வர்ட் பண்ணிடுங்க’ என்று கேளுங்கள்.